அண்ணாச்சி கடையும் கம்ப்யூட்டரும்: மழலைகளுக்கு எண் விளையாட்டு

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வாங்கும்போது நம்மில் பலர் சொல்லும் முதல் காரணம் "பிள்ளைங்க படிப்புக்கு" என்பதுதான். பெரிய வகுப்புப் பிள்ளைகள் என்றால் சரி. ப்ராஜக்ட் செய்வார்கள், இணையத்தில் தேடுவார்கள். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குக் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்: எண் பாட்டு வீடியோ ஒன்றைப் போட்டுவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஒரு மாதத்தில் குழந்தை இருபது வரை, ஏன் ஐம்பது வரை கூட கடகடவென்று சொல்கிறது. வந்த விருந்தாளிகளிடம் சொல்லிக் காட்டச் சொல்கிறோம். நமக்கும் பெருமைதான்.

இன்று மாலை ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு கிண்ணத்தில் பத்து பாட்டில் மூடிகளைப் போடுங்கள். குழந்தையிடம் "அம்மாவுக்கு நாலு எடுத்துக் கொடு" என்று கேளுங்கள். ஐம்பது வரை சொல்லும் குழந்தை ஒரு கை நிறைய அள்ளிக் கொடுத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இன்னொன்றும் கேளுங்கள். ஐந்து மூடிகளை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று சரியாகவே எண்ணும். உடனே "அப்ப மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், பல குழந்தைகள் "அஞ்சு" என்று சொல்வதில்லை. மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிப்பார்கள்!

இது குழந்தையின் குறை அல்ல. எண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வது வேறு. எண் என்றால் என்ன என்று புரிந்து கொள்வது வேறு. முதலாவது பாட்டை மனப்பாடம் செய்வது போல. இரண்டாவது, கடைசியாகச் சொன்ன எண்தான் அந்தக் கூட்டத்தின் அளவு என்று அறிவது. ராச்செல் கெல்மன், ராண்டி காலிஸ்டல் என்ற இரு உளவியல் அறிஞர்கள் 1978ல் வெளியிட்ட புத்தகத்தில், எண்ணுவதற்குள் ஐந்து தனித்தனி விதிகள் அடங்கியிருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண், எண்களின் வரிசை மாறக் கூடாது, கடைசி எண்ணே மொத்தம், எதை வேண்டுமானாலும் எண்ணலாம், எந்தப் பொருளிலிருந்தும் எண்ணத் தொடங்கலாம். நமக்கு இவை சொல்லவே தேவையில்லாத விஷயங்கள். குழந்தைக்கு ஒவ்வொன்றும் புதிய கண்டுபிடிப்பு.

மேலே சொன்ன "நாலு கொடு" சோதனையும் நம் சொந்தச் சரக்கு அல்ல. கேரன் வின் என்ற ஆய்வாளர் 1990ல் இதே போன்ற சோதனையை வைத்துச் சின்னக் குழந்தைகளை ஆராய்ந்தார். அவரும் பின்னால் வந்தவர்களும் கண்டது: குழந்தை முதலில் "ஒன்று" என்பதன் பொருளை மட்டும் அறிகிறது. சில மாதங்கள் கழித்து "இரண்டு". மேலும் சில மாதங்கள் கழித்து "மூன்று". பெரும்பாலும் அதன் பிறகுதான் சட்டென்று எல்லாம் ஒரே சூட்சுமம் என்று பிடிபடுகிறது. உங்கள் குழந்தை இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்பதை மூடிக் கிண்ணம் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும்.

இந்தப் படிகளைத் தாண்டும் முன்பே எல்.கே.ஜி. நோட்டில் 1 முதல் 100 வரை எழுதச் சொல்லி, அடுத்த வருடம் கூட்டலும் ஆரம்பித்துவிட்டால் 3 + 2 என்பது அந்தக் குழந்தைக்கு வெறும் கோடுகளின் கூட்டம். கணக்கு என்றால் பயம் என்பது பல பேருக்கு இங்கேதான் விதைக்கப்படுகிறது. தமிழக அரசு 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு ஆடல், பாடல், செயல்பாடு என்று போனதும், 2023 பிப்ரவரியில் என்.சி.இ.ஆர்.டி. 3 முதல் 8 வயது வரையிலான குழந்தைகளுக்காக 'ஜாதுயி பிடாரா' என்ற பெயரில் பொம்மைகளும் புதிர்களும் நிறைந்த ஒரு பெட்டியை வெளியிட்டதும் இதனால்தான். அந்தப் பெட்டி போன்ற ஒன்றை உங்கள் கம்ப்யூட்டரை வைத்து வீட்டிலேயே தயாரிக்க முடியும். திரையில் விளையாடுவதை விட, தரையில் விளையாடத் தேவையானதைத் தயாரிக்கத்தான் இந்த வயதில் கம்ப்யூட்டர் அதிகம் உதவும்.

ஒரு வாரம், ஒரு கடை

வெறுமனே "எண்ணு, எண்ணு" என்றால் எந்தக் குழந்தைக்கும் அலுத்துப் போகும். எண்ணுவதற்கு ஒரு காரணம் வேண்டும். அதனால் ஒரு கருவை எடுத்துக் கொண்டு, ஒரு வாரம் முழுக்க அதையே விளையாடுவது நல்ல முறை. முதல் வாரத்திற்கு மளிகைக் கடையைச் சிபாரிசு செய்கிறேன். பார்த்துப் பழகிய இடம், வேண்டிய பொருளெல்லாம் சமையலறையிலேயே இருக்கிறது.

முதலில் கடைக்கு வேண்டிய அட்டைகளைத் தயார் செய்வோம். மைக்ரோசாப்ட் வேர்டைத் திறந்து கொள்ளுங்கள். வேர்ட் இல்லை என்றால் லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பை இணையத்திலிருந்து இறக்கி இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். அதில் உள்ள ரைட்டர் இதே வேலையைச் செய்யும். வேர்டில் இன்சர்ட் டேபைக் கிளிக் செய்து, டேபிள் என்பதில் இரண்டு காலம், மூன்று ரோ உள்ள கட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கட்டம் முழுவதையும் செலக்ட் செய்து, லேஅவுட் டேபில் ஹைட் என்ற இடத்தில் உயரத்தை 7 செ.மீ. என்று கொடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண்ணை 72 புள்ளி அளவில் பெரிதாக டைப் செய்யுங்கள். 1 முதல் 5 வரை போதும். ஆசைப்பட்டு 10 வரை போக வேண்டாம்.

எண்ணுக்குக் கீழே அத்தனை படங்கள் வர வேண்டும். படத்தைத் தேடி இணையத்தில் அலைய வேண்டியதில்லை. கீபோர்டில் விண்டோஸ் கீயை அழுத்திக் கொண்டே புள்ளி கீயைத் தட்டுங்கள். சின்னச் சின்னப் படங்கள் அடங்கிய எமோஜி பலகை திறக்கும். எலுமிச்சை, முட்டை, வாழைப்பழம், தக்காளி எல்லாம் அதில் உண்டு. கிளிக் செய்தால் கர்சர் இருக்கும் இடத்தில் வந்து உட்காரும். அதையும் எழுத்தைப் போலவே பெரிதாக்கலாம். வேர்டின் சில பதிப்புகளில் இப்படங்கள் வண்ணமில்லாமல் வெறும் கோடாகத் தெரியும். நல்லதாகப் போயிற்று, பிரிண்ட் எடுத்த பிறகு குழந்தையே க்ரேயானால் வண்ணம் தீட்டட்டும். மீதமுள்ள ஆறாவது கட்டத்தில் கடையின் பெயரை எழுதுங்கள். உங்கள் குழந்தையின் பெயரையே வைத்து "… மளிகைக் கடை" என்று போட்டால் அன்றைக்குத் தூக்கமே வராது!

படங்களை அடுக்கும்போது ஒரு விஷயம். நாலு என்றால் பகடையில் வருவது போல இரண்டுக்கு இரண்டாகவும், ஐந்து என்றால் நான்கு மூலையில் நான்கும் நடுவில் ஒன்றுமாகவும் அடுக்குங்கள். மூன்று பொருள் வரை நம் கண் எண்ணாமலே கண்டுகொள்கிறது. அதற்கு மேல் ஒழுங்கான அடுக்கு இருந்தால் அந்த வேகம் வரும்.

வீட்டில் பிரிண்டர் இல்லையா? பைலை பென் டிரைவில் எடுத்துக் கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போகலாம். ஆனால் வேர்ட் பைலாகவே கொண்டு போகாதீர்கள். நீங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு அந்தக் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் இடம் மாறி நிற்கும். சேவ் அஸ் கொடுத்து, வகை என்ற இடத்தில் பிடிஎப் என்று தேர்ந்தெடுத்து சேவ் செய்தால் எங்கே திறந்தாலும் அப்படியே இருக்கும்.

கடையில் நீங்கள்தான் வாடிக்கையாளர்

அட்டைகளைத் தரையில் வரிசையாக வைத்து, பின்னால் எலுமிச்சை, சின்ன வெங்காயம், தீப்பெட்டி, சோப்பு என்று வீட்டில் கிடைப்பதை அடுக்குங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் புளியங்கொட்டை, காசு, பட்டன் இவை வேண்டவே வேண்டாம். வாயில் போட்டுக் கொள்ளும். பெரிய பொருட்களாகவே இருக்கட்டும்.

குழந்தைதான் கடைக்காரர். நீங்கள் வாடிக்கையாளர். "அண்ணாச்சி, மூணு எலுமிச்சம்பழம் கொடுங்க" என்று மரியாதையாகவே கேளுங்கள். கொடுத்ததும் வாங்கி வரிசையாக வைத்து, "மூணு! ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லுங்கள். முதலில் மொத்தத்தைச் சொல்லி, உடனே எண்ணிக் காட்டுவது முக்கியம். எண்ணுவதும் மொத்தமும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை என்பது இதில்தான் பிடிபடுகிறது. எண்ணாமல் "மூணு" என்று மட்டும் சொல்வதாலோ, மொத்தம் சொல்லாமல் எண்ணி மட்டும் காட்டுவதாலோ இந்தப் பலன் கிடைப்பதில்லை என்று 2012ல் வந்த ஓர் ஆய்வும் காட்டியது.

தவறாகக் கொடுத்தால்? "தப்பு" என்ற சொல்லே வேண்டாம். "அண்ணாச்சி, நான் நாலு கேட்டேன். இதுல மூணுதான் இருக்கு. இன்னும் ஒண்ணு வேணுமே!" என்று வாடிக்கையாளராகவே சொல்லுங்கள். டீச்சர் திருத்துவதற்கும் வாடிக்கையாளர் கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. முதலாவதில் குழந்தை தோற்கிறது. இரண்டாவதில் கடைக்காரர் வியாபாரத்தைச் சரி செய்கிறார். கரு வைத்து விளையாடுவதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இடத்தை மாற்றியும் விளையாடுங்கள். இப்போது நீங்கள் கடைக்காரர். வேண்டுமென்றே குறைத்துக் கொடுங்கள். "எண்ணிப் பாருங்க, சரியாத்தான் இருக்கும்" என்று சாதியுங்கள். குழந்தை கண்டுபிடித்து உங்களோடு சண்டை போடும். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் தாங்களே எண்ணும்போது தடுமாறினாலும், ஒரு கைப்பொம்மை தவறாக எண்ணினால் அதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று கெல்மனும் மெக்கும் 1983ல் எழுதினார்கள். அந்தத் திறமைக்குத் தீனி போடுங்கள்.

பிறகு கொசுறு. நம் ஊர்க் கடையில் மட்டுமே கிடைக்கும் கணக்குப் பாடம் இது! "மூணு வாங்கியிருக்கேன், கொசுறு ஒண்ணு போடுங்க." போட்டதும், "இப்ப எத்தனை?" என்று கேளுங்கள். மூன்றோடு ஒன்று நான்கு என்பதை நோட்டுப் புத்தகம் இல்லாமலே சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. ஒரு வாரம் கொசுறு வாங்கினாலே, அடுத்த எண் என்றால் ஒன்று கூடியது என்பது மனதில் பதியும்.

காசு விஷயத்தில் மட்டும் கவனம். ஐந்து ரூபாய் நாணயம் பார்ப்பதற்கு ஒன்று, மதிப்பு ஐந்து. எண்ணிக்கையே இப்போதுதான் பிடிபடும் குழந்தையை இது குழப்பிவிடும். ஒரு எலுமிச்சைக்கு ஒரு பாட்டில் மூடி என்று பண்டமாற்று செய்யுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் ஒரு ரூபாய் நாணயங்களை மட்டும் கொடுங்கள்.

இரவில் கணக்குப் பார்ப்போம்

கடையை மூடியதும் கல்லாவில் கணக்கு எழுத வேண்டுமல்லவா? குழந்தை கம்ப்யூட்டர் முன் உட்காரும் நேரம் இதுதான். எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸின் கால்க் தொகுப்பைத் திறந்து, முதல் காலத்தில் எலுமிச்சை, வெங்காயம், சோப்பு என்று டைப் செய்யுங்கள். தமிழில் டைப் செய்ய, விண்டோஸ் செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதிக்குப் போய்த் தமிழை ஒரு மொழியாகச் சேர்த்துக் கொண்டால் போதும். இரண்டாம் காலத்தில் இப்போதைக்கு எல்லாவற்றிற்கும் 1 என்று போடுங்கள். இந்தக் கட்டங்களைச் செலக்ட் செய்து, இன்சர்ட் டேபில் காலம் சார்ட்டைக் கிளிக் செய்தால் மூன்று குச்சிகள் கொண்ட படம் வரும்.

இப்போது "எலுமிச்சை எத்தனை வித்தோம்?" என்று கேளுங்கள். குழந்தை பொருளை எண்ணிச் சொல்லட்டும். தானே 4 கீயைத் தேடித் தட்டி, என்டர் தட்டட்டும். குச்சி விறுவிறுவென்று உயரும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! நான்கு மூன்றை விடப் பெரியது என்பதைக் கண்ணால் பார்க்கும் இடம் இது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. எக்ஸெல் தன் இஷ்டத்திற்கு அளவுகோலை மாற்றிக் கொள்ளும். நேற்று மிக அதிகமாக விற்றது நாலு என்றால் அந்தக் குச்சி படத்தின் உச்சிக்கே போய்விடும். இன்று எட்டு விற்றாலும் அதே உயரம்தான். நாலும் எட்டும் ஒன்றே என்று குழந்தை நினைக்காதா? எனவே இடது பக்கம் உள்ள எண்கள் மீது டபுள் கிளிக் செய்யுங்கள். பார்மட் ஆக்சிஸ் பகுதி திறக்கும். அதில் மினிமம் 0, மேக்சிமம் 10 என்று நீங்களே டைப் செய்துவிடுங்கள். கால்க்கில் படத்தின் மீது டபுள் கிளிக் செய்த பிறகு, எண்கள் மீது வலது கிளிக் செய்து பார்மட் ஆக்சிஸ் கொடுத்தால் ஸ்கேல் என்ற டேப் இருக்கும். ஆட்டோமேடிக் என்பதற்கு முன்னால் உள்ள டிக்கை எடுத்துவிட்டு இதே எண்களைக் கொடுக்கலாம்.

கீபோர்டில் எண்ணைத் தேடும்போது மேல் வரிசையையே காட்டுங்கள். அங்கே 1 முதல் 9 வரை இடமிருந்து வலமாக வரிசையாக இருக்கும். வலது பக்கம் உள்ள எண் பலகையில் 1, 2, 3 கீழேயும் 7, 8, 9 மேலேயும் இருக்கும். போனிலோ இது தலைகீழ். சின்னக் குழந்தைக்கு ஒரு வரிசை போதும்.

பஸ்ஸும் பரமபதமும்

அடுத்த வாரம் கடையை மூடிவிட்டு பஸ் விடலாம். வேர்டில் ஐந்து காலம், இரண்டு ரோ கொண்ட கட்டத்தைப் பெரிதாகப் போட்டு பிரிண்ட் எடுத்தால் பத்து இருக்கைகள் கொண்ட பஸ் தயார். பாட்டில் மூடிகள்தான் பயணிகள். குழந்தை கண்டக்டர். மூன்று பேர் ஏறுகிறார்கள், விசில், ரைட் ரைட். அடுத்த ஸ்டாப்பில் ஒருவர் இறங்குகிறார். "இன்னும் எத்தனை பேருக்கு இடம் இருக்கு, கண்டக்டர்?" என்ற கேள்வி முக்கியம். மேல் வரிசை நிறைந்தால் ஐந்து, இரண்டும் நிறைந்தால் பத்து என்பது பழகிவிட்டால் ஆறு, ஏழு எல்லாம் ஐந்தும் ஒன்றும், ஐந்தும் இரண்டும் என்று தானே தெரிய ஆரம்பிக்கும்.

மூன்றாவது வாரத்திற்குப் பரமபதம். பாம்பும் ஏணியும் உள்ள நூறு கட்டப் பலகை அல்ல. அது வரிசைக்கு வரிசை திசை மாறிப் போகும். நான்கு வயதுக்கு ஒத்து வராது. நமக்கு வேண்டியது நேராக ஒரே வரிசையில் பத்தே கட்டம். பேஜ் லேஅவுட்டில் ஓரியன்டேஷனை லேண்ட்ஸ்கேப் என்று மாற்றி, பத்து காலம், ஒரு ரோ உள்ள கட்டம் போட்டு 1 முதல் 10 வரை எழுதுங்கள். எறும்பு சர்க்கரையைத் தேடிப் போகிறது, ரயில் மதுரைக்குப் போகிறது என்று ஏதாவது ஒரு கதை சேர்த்துக் கொள்ளுங்கள்.

இவ்வளவு எளிய விளையாட்டா என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரும் இதைத்தான் வறுமைப்பட்ட குடும்பத்துக் குழந்தைகளிடம் சோதித்து 2008ல் வெளியிட்டார்கள். இரண்டு வாரத்திற்குள் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 15 நிமிடம். அவ்வளவுதான். எண்ணுவது, எண்ணை அடையாளம் காண்பது, எது பெரியது என்று சொல்வது எல்லாவற்றிலும் அந்தக் குழந்தைகள் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் இருந்தது. எண்ணுக்குப் பதிலாக வெறும் வண்ணங்கள் இருந்த கட்டத்தில் விளையாடிய குழந்தைகளுக்கு இந்தப் பலன் கிடைக்கவில்லை. மறு வருடம் வட்டமான பலகையில் சோதித்துப் பார்த்தார்கள். அது நேர் வரிசை அளவுக்குப் பயன் தரவில்லை.

நகர்த்தும்போது எப்படி எண்ணுவது என்பதும் முக்கியம். காய் 4ல் நிற்கிறது, இரண்டு விழுந்தது என்றால் "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லக் கூடாது. "அஞ்சு, ஆறு" என்று கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்லியே நகர்த்த வேண்டும். எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிச் சொல்லி விளையாடிய குழந்தைகளே அதிகம் கற்றார்கள். பெரியவர்கள் நமக்கு இது வாயில் வராது. இரண்டு நாள் பழகினால் சரியாகிவிடும்.

பகடைக்கு இரண்டு ரூபாய் நாணயம் போதும். சுண்டிப் போடுங்கள். 2 என்ற எண் தெரிந்தால் இரண்டு கட்டம். சிங்க முகம் தெரிந்தால் ஒரு கட்டம்.

பத்து நன்றாகப் பழகிய பிறகு இருபது கட்டம் போடலாம். இங்கே தமிழ் நமக்குக் கை கொடுக்கிறது. பதிமூன்று என்றால் பத்தும் மூன்றும், பதினைந்து என்றால் பத்தும் ஐந்தும். பெயரிலேயே விளக்கம் இருக்கிறது. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்பதில் பத்து எங்கே இருக்கிறது? பள்ளியில் ஆங்கிலத்தில் சொன்னாலும் வீட்டில் இந்த விளையாட்டைத் தமிழிலேயே விளையாடுங்கள்.

திரையில் விளையாடவும் சில

கம்ப்யூட்டரிலேயே விளையாட வேண்டும் என்று குழந்தை அடம்பிடிக்கத்தான் செய்யும். அதற்கும் நல்ல இலவசத் தொகுப்புகள் உண்டு. ஜிகாம்ப்ரி அதில் முதலாவது. தேடும்போது ஜி, சி, ஓ, எம், பி, ஆர், ஐ, எஸ் என்ற எழுத்துகளைச் சேர்த்து டைப் செய்யுங்கள். பிரான்ஸைச் சேர்ந்த புரூனோ கூடுவான் 2000ல் தொடங்கியது. பிரெஞ்சு மொழியில் "எனக்குப் புரிந்துவிட்டது" என்று சொல்வது போல ஒலிக்கும் பெயர். 2 முதல் 10 வயது வரையிலான குழந்தைகளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் இதில் இருக்கின்றன. விளம்பரம் கிடையாது, காசும் கிடையாது. அதன் சொந்த இணைய தளத்திலிருந்தே இறக்குங்கள். இலவசம் என்று கூவி அழைக்கும் பிற தளங்களில் கை வைக்க வேண்டாம்.

எல்லா விளையாட்டையும் திறந்து காட்டாதீர்கள். கடை வாரத்தில் இரண்டு போதும். ஒன்றில் பழங்கள் திரையெங்கும் சிதறிக் கிடக்கும். மவுஸால் இழுத்து ஒழுங்குபடுத்தி, எண்ணி, எண்ணைத் தட்ட வேண்டும். எண்ணியதைத் தனியே ஒதுக்கி வைக்கும் பழக்கம் இதில் வரும். இன்னொன்றில் தராசு. எடைகளைத் தட்டில் வைத்துச் சமமாக்க வேண்டும். இது ஐந்து வயதுக்கு மேல்தான். மேலிருந்து விழும் பகடையை, தரையைத் தொடும் முன் எண்ணித் தட்ட வேண்டிய விளையாட்டும் உண்டு. பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் இப்போதுதான் எண்ணப் பழகும் குழந்தையை அவசரப்படுத்தும். பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

டக்ஸ் பெயின்ட் அடுத்தது. டி, யு, எக்ஸ் என்று போட்டு, பக்கத்தில் பெயின்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். பில் கென்ட்ரிக் 2002ல் தொடங்கிய வரைகலைத் தொகுப்பு. இதில் ஸ்டாம்ப் என்ற கருவி இருக்கிறது. விண்டோஸில் ஸ்டாம்ப் தொகுப்பைத் தனியாக இறக்கி இன்ஸ்டால் செய்ய வேண்டும். "குளத்துல அஞ்சு மீன் போடு பார்ப்போம்" என்றால் குழந்தை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து போடும். ஒரு கிளிக், ஒரு மீன். ஒரு பொருளுக்கு ஒரு எண் என்ற விதிக்கு இதை விட நல்ல பயிற்சி திரையில் வேறு இல்லை என்பேன்.

குழந்தை உட்காரும் முன் இரண்டு மாற்றம் செய்துவிடுங்கள். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதியில் மவுஸ் பாயின்டரைப் பெரிதாக்குங்கள். மவுஸ் பகுதியில் பாயின்டர் வேகத்தைக் குறையுங்கள். குழந்தை மவுஸோடு மல்லுக்கட்டினால் எண்ணுவதில் மனம் போகாது. உங்கள் அலுவலக பைல்கள் அதே கம்ப்யூட்டரில் இருந்தால், குழந்தைக்கென்று தனியாக ஒரு யூசர் அக்கவுண்ட் உருவாக்கிவிடுங்கள்.

எவ்வளவு நேரம்? உலக சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி 2 முதல் 4 வயதுக் குழந்தை திரை முன் உட்கார்ந்திருக்கும் நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது. குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. டி.வி., போன் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். அதனால் கம்ப்யூட்டருக்கு 15 நிமிடம் ஒதுக்குங்கள். பக்கத்தில் நீங்களும் உட்கார வேண்டும். வீடியோவைப் பார்த்துக் கற்பதை விட, எதிரில் இருக்கும் மனிதரிடமிருந்து இந்த வயதுக் குழந்தைகள் அதிகம் கற்கிறார்கள்.

தயாரித்த பைல்களை எண் விளையாட்டு என்ற போல்டரில் போட்டு, கடை, பஸ், பரமபதம் என்று பெயரிட்டு சேவ் செய்து வையுங்கள். அட்டை கிழிந்தால் மறுபடி பிரிண்ட் எடுத்துக் கொள்ளலாம். 5 வரை இருந்த கடையை 10 வரை விரிவாக்கவும் அதே பைல் போதும்.